பாட்டுக்குள் ஓர் ஆள்

அவள் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தபோது கணவன் வந்துவிட்டான். வழக்கமாக ஆறு மணி தாண்டித்தான் வருவான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அன்றைக்கு ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டடத்து லிஃப்ட் நினைத்ததைவிடச் சீக்கிரம் சரியாகிவிட்டதால் நாலரைக்கே வீடு திரும்பியிருந்தான். சமையல் மேடையில் உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்திருந்த அவளுடைய போன் பாடிக்கொண்டிருந்தது. கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்றான், கருவிப் பையைக்கூடக் கீழே வைக்காமல்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. பாட்டு.”

“பாட்டுக்கா அழுற?”

“இந்த இடத்தக் கொஞ்சம் கேளுங்க,” என்று முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.

பாடகிக்குக் கனத்த குரல். கைவிட்டுப் போன ஒருவனைப் பற்றிய பாட்டு. மாடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனவனே, என் வாசல் கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கலாமே என்று மூன்றாவது சரணத்தில் கேட்டுக்கொண்டே குரல் மேலே ஏறும். உச்சியில் ஒரு நொடி நூலாக மெலியும். அறுந்துவிட்டது என்று நினைக்கும்போது அறாமல் திரும்பி இறங்கும். அவளுக்குக் கை ரோமமெல்லாம் சிலிர்த்தது, கண்ணில் மறுபடி நீர் கட்டியது. சிரித்துக்கொண்டே கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கை நீட்டிப் போனை நிறுத்தினான்.

“இப்பச் சொல்லு. என்ன பிரச்சினை?”

அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நாற்பத்து மூன்று வயது. ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், பல்செட் செய்து கொடுக்கும் லேபில் பத்தொன்பது வயதிலிருந்து வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சின் மேல் இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி, அதில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பாள். தெருவில் அவளுக்குப் பல்செட்டுக்காரி என்றே பெயர். “இங்க பாதிப் பேரோட சிரிப்பு என் கையிலதான் இருக்கு” என்று பெருமையடித்துக்கொள்வாள். பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம். அதில் அவளுக்கு மனக்குறை கிடையாது. ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள்.

பாட்டு அவளைப் பிடித்துக்கொண்டது அந்த லேபில்தான். சின்ன வயதில் முதலாளியின் ரேடியோ, பிறகு காதில் மாட்டிக்கொள்ளும் இயர்போன். கைக்கு நாள் முழுக்க வேலை இருந்தது, காது சும்மா இருந்தது. சோகப் பாட்டிலும் எல்லாமே அவளுக்குப் பிடித்துவிடாது. விக்கி விக்கிப் பாடுகிறவர்கள் ஆகவே ஆகாது. “அழுது காட்டுறதுக்குப் பாட்டு எதுக்கு, அதுக்கு சீரியல் இருக்கே” என்பாள். நெஞ்சை நிமிர்த்தி நின்று, அடக்கி அடக்கிப் பாடி, இனி அடக்க முடியாது என்கிற ஒரே இடத்தில் மட்டும் திறந்துவிடுகிற குரல் வேண்டும். ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. காதல் முறிந்த பாட்டுகளில்தான் அந்த மாதிரிக் குரல்கள் கிடைத்தன. தொண்டையை முழுசாகத் திறக்க அங்கேதான் அவர்களை விடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அழுது முடித்தால் உடம்பு கழுவிவிட்ட மாதிரி இருக்கும். வீட்டில் கேட்பது குறைவு. கணவன் வருவதற்குள் பாட்டும் முடிந்துவிடும், சமையலும் முடிந்துவிடும். அதனால்தான் இத்தனை வருடத்தில் அவன் கண்ணில் படவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் எதுவும் காரணமில்லாமல் நிற்காது என்று நம்புகிறவன். நின்றுபோன லிஃப்டுக்குள் இறங்கி, ஒயர் ஒயராகப் பிடித்துப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும். மனைவி அழுததற்கும் ஒரு ஒயர் இருந்தாக வேண்டும் அல்லவா. அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தான். எந்தப் பாட்டை அதிகம் கேட்டிருக்கிறாள் என்று போனே வரிசை போட்டுக் காட்டியது. அந்த மாடி ஜன்னல் பாட்டுதான் முதலில் இருந்தது.

மறுநாள் டீ குடிக்கும்போது கேட்டான்.

“அதே பாட்டை ஏன் திரும்பத் திரும்பக் கேக்குற?”

“நல்லாருக்கு, கேக்குறேன்.”

“அதுல வர்ற மாடி வீடு எது?”

தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சிரித்ததையும் அவன் மனதில் குறித்துக்கொண்டான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் பத்து நாள், தினம் ஒரு கேள்வி. கல்யாணத்துக்கு முன்னால் லேபில் வேறு யார் வேலை பார்த்தார்கள். எந்த பஸ்ஸில் போவாய். பக்கத்தில் யார் உட்காருவார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். “யாரும் இல்லங்க. குரல் நல்லாருக்கு, அதனால அழுகை வருது, அவ்வளவுதான்” என்று பொறுமையாகவும் சொன்னாள், தட்டை நங்கென்று வைத்தும் சொன்னாள். லேபில் பல்செட்டுகளுக்கு மெருகு போடுகிறவளிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, மெருகக்கா என்று எல்லாரும் கூப்பிடும் அந்த அம்மா மெஷினை நிறுத்திவிட்டு யோசனை சொன்னாள்.

“நடுவுல ரெண்டு குத்துப் பாட்டப் போட்டு வை. ஆம்பளைக்குச் சந்தேகம் போயிடும்.”

“நான் எதுக்குக்கா போடணும்? எனக்குப் பிடிக்காதே.”

“அப்ப அனுபவி.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் வந்தாள். கணவனுக்கு மூத்தவள். வழியில் இவளுடைய அண்ணனையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துபோயிற்று. கூடத்தில் நாற்காலிகளைக் கணவன் முன்கூட்டியே வட்டமாகப் போட்டு வைத்திருந்தான். ஒரு நாற்காலி மட்டும் தனியாக இருந்தது. அது அவளுக்கு.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நாத்தனார் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தடவிக் கொடுத்தாள்.

“சொல்லிடும்மா. உள்ளயே வெச்சு வெச்சுத்தான் பொம்பளைங்களுக்கு எல்லா வியாதியும் வருது. நாங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம். எல்லாருக்கும் ஒரு வயசு இருந்துச்சுல்ல.”

“சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணி.”

“ஒண்ணும் இல்லாமயா கண்ணுல தண்ணி வரும்?”

அண்ணன் தொண்டையைச் செருமினான். தங்கைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான்.

“மாப்ள மாடி வீடுன்னு சொன்னப்பத்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. நம்ம எதிர் வீடு மாடி வீடுதானே. கம்பவுண்டர் வீடு. அவரு பையன் எப்பவும் மேல நின்னுக்கிட்டே இருப்பான்.”

“அவன் முயல் வளத்தான்ணே. கூண்டு மொட்டை மாடியில இருந்துச்சு. அதுக்குத் தீனி போட நின்னான்.”

“பாரு, முயல் வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கா,” என்றாள் நாத்தனார், ரொம்பப் பரிவாக.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கணவன் எழுந்து நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது முகத்தில் தெரிந்தது.

“எனக்குக் கோபம் எதுவும் இல்ல. இருபத்தொரு வருஷம் நல்லாத்தானே குடும்பம் நடத்துன. கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தத நான் மன்னிச்சிட்டேன். இவங்க முன்னாடி அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்தப் பாட்டு மட்டும் இனிமே வேணாம். காலையிலயே உன் போன்ல எல்லாத்தையும் அழிச்சிட்டேன். கொஞ்ச நாள் போனா மனசு லேசாயிடும்.”

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். வருடக்கணக்காக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த பாட்டுகள் இருந்த இடம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. செய்யாத தப்புக்கு மூன்று பேர் முன்னால் மன்னிப்பு கொடுத்தாயிற்று. அதற்கு அபராதமும் வாங்கியாயிற்று.

“நேத்து பாப்பாகிட்டயும் பேசிட்டேன்,” என்றான் அவன்.

“என்ன பேசுனீங்க?”

“அம்மா எப்பவாச்சும் யாரப் பத்தியாச்சும் சொல்லியிருக்காளான்னு கேட்டேன். பதமாத்தான் கேட்டேன், பயப்படாத.”

அவளுக்குக் காது அடைத்தது. எழுந்தபோது அந்தத் தனி நாற்காலி பின்னால் விழுந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை.

“எம் பொண்ணுகிட்ட கேட்டீங்களா,” என்றாள். குரல் உயரவில்லை. “பத்தொம்பது வயசுப் பொண்ணுகிட்ட, உங்கம்மாவுக்கு எவன் இருந்தான்னு கேட்டீங்களா.”

“அப்படிக் கேக்கல...”

“வேற எப்படிக் கேட்டாலும் அதுதான். ஏன், ஒரு ஆம்பளை பின்னாடி நிக்காம எனக்கு ஒரு அழுகைகூட வரக் கூடாதா? நல்ல வெயில்ல நடந்து வந்து தண்ணி குடிச்சா தொண்டை குளுருது. எந்த வீட்டுத் தண்ணி, யாரு குடுத்த தண்ணின்னு கேப்பீங்களா? ஒருத்தி உசுரக் குடுத்துப் பாடுறா. எனக்குக் காது இருக்கு. கேட்டா கண்ணு கலங்குது. இதுக்கு மேல இதுல என்ன இருக்கு?”

“சத்தம் போடாதம்மா, அக்கம்பக்கம்...” என்றாள் நாத்தனார்.

“நான் சத்தமே போடல அண்ணி. போட்டா நீங்க இங்க உக்காந்திருக்க முடியாது.” அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, அந்தக் கம்பவுண்டர் பையன் நம்பர் உன்கிட்ட இருக்குல்ல?”

“இருக்கு. டயர் கடை வெச்சிருக்கான். எதுக்கு?”

“போடு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடு.”

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தான். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தான். அவள் நகருவதாக இல்லை. அண்ணன் போனைப் போட்டு மேசை மேல் வைத்தான். நாலு முறை மணி அடித்த பிறகு ஒரு கரகரத்த குரல் எடுத்தது. பின்னால் எங்கேயோ காற்று அடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நலம் விசாரித்தான். பிறகு, என்ன கேட்பது என்று தெரியாமல், “என் தங்கச்சிய உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றான்.

“தங்கச்சியா? உனக்குத் தம்பில்ல இருந்தான்?”

“தம்பி இல்லடா. தங்கச்சி. உங்க வீட்டுக்கு எதிர்லதான் இருந்தோம்.”

“அப்படியா. எனக்கு ஞாபகமே வரலப்பா. ஏன், அவங்க வண்டிக்கு டயர் ஏதாச்சும் வேணுமா?”

அண்ணன் ஏதோ சொல்லி வைத்துவிட்டான். முதலில் சிரித்தது கணவன்தான். மூச்சை விட்டுவிட்டு, தோளெல்லாம் தளர்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தான். அண்ணனும் சேர்ந்துகொண்டான். “தம்பியாம்ல,” என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லவேளை, ஒண்ணும் இல்ல. இரு, நான் டீ போடுறேன்,” என்று எழுந்தாள். கூடமே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“அப்ப இப்ப நம்பிட்டீங்க.”

“அதான் அவனே சொல்லிட்டானே,” என்றான் கணவன். சந்தோஷமாகவே சொன்னான்.

“நான் பத்து நாளாச் சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், படுக்கும்போது சொன்னேன். இருபத்தொரு வருஷம் உங்ககூட இருக்கேன். அவன் யாரு? நீங்க மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. அரை நிமிஷம் பேசுனான், அதுவும் டயர் விக்கிறதுக்கு. நான் இல்லன்னு சொன்னா அது பொய். அவன் ஞாபகம் இல்லன்னு சொன்னா அது சத்தியம். என் வாயிக்கு இந்த வீட்டுல அவ்வளவுதான் மதிப்பு.”

சிரிப்பு நின்றது. நாத்தனார் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஒருவேளை அவன் ஞாபகம் இருக்குன்னு சொல்லியிருந்தா?” என்று கேட்டாள் அவள். “ஏதோ சிரிப்புக்கு, ஆமா, உன் தங்கச்சி என்னையே பாத்துக்கிட்டு நிப்பான்னு சொல்லியிருந்தா?”

அவள் தன் போனை மேசையிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

லேப் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. விடுமுறை நாள் என்பதால் மருந்துக் கடை மட்டும்தான் திறந்திருந்தது. மேலே போய் ஜன்னலைத் திறந்தாள். மெழுகும் பிளாஸ்டர் தூளும் கலந்த வழக்கமான வாசனை. மேசையில் முடிக்காத மூன்று பல்செட்டுகள் வாயைத் திறந்தபடி இருந்தன. முதலாளியின் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டுவிட்டு, கத்தியைச் சூடு காட்டி, மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

மாடி ஜன்னல் வந்தது. கூடவே கம்பவுண்டர் பையனும் வந்தான். கையில் கீரைக் கட்டோடு, முயல் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றான். அவள் பாட்டை முன்னால் தள்ளினாள். வாசல் கதவு வந்தது. அவன் டயர் வேண்டுமா என்று கேட்டான். மூன்றாவது சரணத்தில் குரல் ஏறியது, மெலிந்தது, இறங்கியது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை ரோமம் கிடந்தபடியே கிடந்தது. முதலிலிருந்து மறுபடி போட்டாள். மறுபடியும். அந்தக் குரலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், அதில் யாருமே இருந்ததில்லை. வெறும் குரல், அதற்குள் அவள். இப்போது மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆளைக் கூட்டி வந்து நடுவில் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கத்தியை மேசையில் குத்தினாள். நுனி ஒடிந்தது. இருபத்து நான்கு வருடத்தில் அவள் உடைத்த முதல் கத்தி அதுதான்.

நாலு மணிக்கு வீட்டுக்குப் போனாள். விருந்தாளிகள் கிளம்பிவிட்டிருந்தார்கள். கணவன் அவளுடைய போனை நீட்டினான்.

“எல்லாப் பாட்டையும் திரும்பப் போட்டுட்டேன். கடைக்காரன்கிட்டக் குடுத்து ஒண்ணுவிடாம எடுத்தாச்சு. இனிமே எவ்வளவு வேணா கேளு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“வேணாம். அந்தப் பாட்டெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க.”

“இன்னும் என்ன கோபம்? தப்புதான், ஒத்துக்கிறேன்.”

“என்கிட்ட ஒத்துக்க வேணாம். யார் யார்கிட்டச் சொன்னீங்களோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. அவன் மறந்துட்டான்னு சொல்லக் கூடாது. அவ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்னு சொல்லணும். இந்த வார்த்தைதான்.”

அவன் அவளெதிரிலேயே மகளுக்குப் போன் போட்டான். சுற்றி வளைத்து, இரண்டு முறை தண்ணீர் குடித்து, கடைசியில் சொல்லிவிட்டான். அந்தப் பக்கம் மகள் சொன்னது அவளுக்கும் கேட்டது.

“நான் அன்னிக்கே சொன்னேன்லப்பா, அம்மா பாட்டுக்குத்தான் அழுவாங்கன்னு. நீங்கதான் காதுலயே வாங்கல.”

அவன் போனை வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு மறுநாள் சொன்னான். தன் அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. “அவ பெரியவ. அவகிட்டப் போய் எப்படி...” என்று இழுத்தான். “அப்ப இருக்கட்டும்,” என்றாள் அவள். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், வந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. நாத்தனார் இரண்டு முறை வந்து போனாள். இரண்டு முறையும் இவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாட்டு இல்லாமல் ஒன்றரை மாதம் போனது. இயர்போனை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டாள். “உன் மூஞ்சியப் பாத்தா பல்லு வலி வந்தவ மாதிரி இருக்கு,” என்றாள் மெருகக்கா. அவள் அதற்கும் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், லேபுக்கு மெழுகுப் பெட்டிகள் கொண்டுவரும் வேன் கீழே வந்து நின்றது. வேன்காரர் வேறு நாட்டிலிருந்து வந்தவர். நம் பேச்சை உடைத்து உடைத்துத்தான் பேசுவார். வண்டிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் பாடிக்கொண்டிருந்தது. அவள் படியிறங்கி வந்தவள் பாதிப் படியில் நின்றாள். அடிவயிற்றிலிருந்து எழும்பிய குரல். யாரையோ கூப்பிட்டது, கெஞ்சவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரு இடத்தில் தன்னையே கிழித்துக்கொண்டு மேலே போனது. விரலில் மெழுகு ஒட்டியிருக்க, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றாள்.

வேன்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இது சோகம் பாட்டு மேடம். அவ புருஷன்...” என்று ஆரம்பித்தார்.

அவள் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அர்த்தம் சொல்லாதீங்க. பாடுறவங்க யாருன்னு மட்டும் எழுதிக் குடுங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் ரசீதுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பால்கனியில் துணி உலர்த்தும்போது போனில் அதைப் போட்டாள். சத்தத்தை முழுக்க வைத்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து தாடையில் சேர்ந்தது. துடைக்கவில்லை. கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு போர்வையை உதறினாள்.

கணவன் வந்து பால்கனிக் கதவருகில் நின்றான். ரொம்ப நேரம் நின்றான்.

“என்ன மொழி?” என்று கேட்டான் கடைசியில்.

“தெரியாது.”

“என்ன சொல்றாங்க?”

“தெரியாது.”

அவள் கிளிப்பை எடுத்துப் போர்வையில் மாட்டினாள்.

“நீங்க உங்க அக்காவுக்கு இன்னும் போன் பண்ணல,” என்றாள். பிறகு பாட்டை முதலிலிருந்து போட்டாள்.